பெயர்த்துப் போன புல்

லண்டனில் இருக்கும் என் கணவருக்கு,

கடிதம் கிடைத்தது. நம் ஊர்க் குன்றின் கிரிக்கெட் மைதானத்திலிருந்து நீங்கள் பெயர்த்து வண்டியில் ஏற்றிப் போன புல், லண்டன் கனவான்களுக்காக நீங்கள் போடும் புது மைதானத்தில் கருகிவிட்டதாமே! சந்தோஷம். மிச்சத்தையும் வெட்டி அனுப்பச் சொல்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை.

மதுக்கடைக்காரர் பர்கிஸ் நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார்: "புல்லைப் பாயாட்டம் சுருட்டி எடுத்துட்டுப் போனானே, பொண்டாட்டிய மட்டும் ஏம்மா இங்கயே போட்டுட்டுப் போனான்?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கிருந்து நேரே வந்து பட்டியைத் திறந்து, நம் பன்றிகளை மைதானத்துக்கு ஓட்டிப்போனேன். நீங்கள் நின்று பந்து வீசிய இடத்தைத்தான் முதலில் கிளறின.

இனி இங்கே உங்களுக்குப் புல்லும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் இடமில்லாமல் போனவள்