மர்செல் விற்ற இஞ்சின் சாமான்கள்

சைகோன், 1935 ஜூன்

என் அன்பு மகன் மிஷேலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ அங்கே பிரான்சில், மர்சேயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் தம்பி மர்செலுக்கு இனிப் பார்வை வராதென்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நீ அனுப்பிய சாமான்களால்தான் அவன் கண் போயிற்றென்று எழுதியிருந்தாயே, அப்படி நினைத்துக் குமையாதே. பழைய இஞ்சினை ஓட்டிப் பார்த்தபோதுதான் பெட்ரோல் தீப்பற்றி அவன் முகத்தில் அடித்தது. உன் பெட்டி கப்பலில் வந்து இறங்கும்போது அவன் கட்டோடு கிடந்தான், பெட்டியில் ஓர் ஆணிகூட யாரும் பிடுங்கவில்லை. அந்தப் பந்தய மோட்டார் காரை இனிக் கட்டப் போவதில்லை, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று போன வாரம் அவனே சொன்னான். உன் அப்பா சம்மதிக்கவில்லை, பார்வை திரும்பினால் பிள்ளை எதை வைத்து வேலை செய்வான் என்று ஒரே பிடிவாதம், டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. அதற்கு மர்செல், "பப்பா, அது வீட்ல இருக்கிற வரைக்கும் நீங்க காத்துக்கிட்டே இருப்பீங்க, அதை என்னால தாங்க முடியல" என்றான். அவர் எழுந்து கோயிலுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார், அப்புறம் அவர் தடுக்கவில்லை.

மசூதிக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கீர் மைதீன் மரைக்காயரின் மகன் மீரா சாகிப் வாங்க வந்தான், அவனும் ஒரு மோட்டார் கட்டுகிறானாம். அப்படியே தூக்கிக் கொடுத்து அனுப்பிவிட நினைத்தேன், மர்செல் கேட்கவில்லை. பெட்டியை உடைக்கச் சொல்லித் தரையில் உட்கார்ந்து பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எண்ணெய்த்தாளிலிருந்து உரித்துத் தடவிப் பார்த்தான், கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் எங்கே கசியும், எதை எவ்வளவு முறுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். முகத்துத் தழும்பு இழுக்க இழுக்க அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீரா சாகிப் கலங்கிப்போய், "அண்ணே, மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன், என் பக்கத்துல உக்காந்து வாங்க" என்றான். மர்செல் கையைத் துடைத்துக்கொண்டே, "வேணாம் தம்பி, ஓட்டும்போது இந்தத் தெரு வழியா மட்டும் வந்துடாதே" என்றான். பெட்டி போன பிறகு சாப்பிடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், நானும் கூப்பிடவில்லை.

உன் கடிதங்களை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன், ஆகையால் பந்தயங்களைப் பற்றி இனி எழுதாதே, வேறு எதையாவது எழுது, ஆனால் ஒரு தபால் கப்பலையும் விடாமல் எழுது. வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன், பேனாவை வாங்கி நெடுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் அம்மா
மாதலேன்