சமையலறைப் பரணில் ஏறிய ஏசியை இறக்கித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
கா. பஷீர் அஹமது (வயது 58),
புளி மொத்த வியாபாரி,
பாகலூர் சாலை,
ஓசூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: வீட்டுக்கு ஏசி பொருத்த என்ன செலவாகும் என்று யாராலும் சொல்ல முடியாமல் இருப்பது – அதனால் என் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது தடைப்பட்டிருப்பது – நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

இணைப்பு: ரசீது நகல் (பின்பக்கமும் சேர்த்து).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்தொரு வருடமாக அஞ்செட்டி பக்கத்துப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்து வருகிறேன். வரி பாக்கி எதுவும் இல்லை. இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதித் தொந்தரவு கொடுத்தவனும் இல்லை.

2. எங்கள் ஒரே மகள் நாஸியா பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முதல் பிரசவம். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் மே 12. ஏழாம் மாதமே வந்திருக்க வேண்டியவள் இன்னும் வரவில்லை. மருமகன் மன்சூர் நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் அவர் சொன்னது இது: "மாமா, இந்த வெயில்ல அவளால தூங்கவே முடியல. ரூம்ல ஏசி போட்டுட்டு சொல்லுங்க, நானே கொண்டாந்து விடறேன். இல்லாட்டி இங்கயே பாத்துக்கலாம்." ஓசூருக்கு எதற்கு ஏசி என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது என் சட்டை முழுக்க நனைந்திருந்ததால் கேட்கவில்லை.

3. எனவே ரம்ஜான் முடிந்த வாரமே, ஏசி பொருத்த ஒரு குடும்பஸ்தன் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று விசாரணையில் இறங்கினேன். எதிர்வீட்டு மாதப்பன் தனக்கு 4,200 ஆனதாகச் சொன்னார். அவர் மகள் லாவண்யா, அதே மாதிரி ஏசி, அதே தெருவின் அடுத்த முனை, 11,500 கொடுத்திருக்கிறாள். எங்கள் ஊர்க் கடைக்காரர் "பொருத்துவது இலவசம்" என்றார். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கேட்டேன். அங்கும் இலவசம்தான், ஆனால் அந்த இலவசம் கர்நாடகத்துக்குள் மட்டும் செல்லுமாம், சோதனைச் சாவடியைத் தாண்டினால் தனிக் கட்டணம். நாங்கள் புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் மூட்டைக்கு மாதம் எவ்வளவு என்று வாசலிலேயே பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். புளிக்கு இருக்கும் இந்த வசதி மனிதருக்கு இல்லையே என்று அன்றே எனக்கு வருத்தமாக இருந்தது.

4. ஊர்க் கடையிலேயே வாங்கினேன். பொருத்த வந்தவர் மெக்கானிக் ஹரீஷ்குமார். மகளுக்கு ஒதுக்கிய அறை வீட்டின் நடுவில் இருக்கிறது. அவுட்டோர் என்று அவர்கள் சொல்லும் வெளிப்பெட்டியை வெளிச்சுவரில் மாட்ட 27 அடி காப்பர் பைப் வேண்டும் என்றார். இலவசத்தில் பத்தடிதான் சேர்த்தி. மீதி 17 அடிக்கு, அடி 280 வீதம் 4,760. ஸ்டாண்டு 900. வெளிச்சுவரில் இன்னொரு ஓட்டை போட 500. ஆக, இலவசத்தின் விலை 6,160 ரூபாய்.

5. நான் பேரம் பேசினேன். அவர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அறைக்கு அடுத்த சுவர் எங்கள் சமையலறை. அங்கே கான்கிரீட் பரண் இருக்கிறது. பெட்டியை அதன்மேல் வைத்தால் ஆறடி பைப் போதும், ஸ்டாண்டு வேண்டாம், இரண்டாவது ஓட்டையும் வேண்டாம். சமையலறையில் ஜன்னலும் இருக்கிறது. ஒரே யோசனையில் 6,160 மிச்சம். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

6. மேற்படி ஹரீஷ்குமார் அப்போது, "பாய், அது சூட்டையெல்லாம் வெளிய தள்ற பொட்டி. உள்ள வெச்சா எங்க தள்ளும்? வேணாம் பாய்" என்று கூறியது உண்மை. வியாபாரத்தில் எதிராளி இப்படித்தான் பயமுறுத்துவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் ரசீதின் பின்பக்கம், "சொல்லியும் கேட்காமல் உள்ளேயே வைக்கச் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதை இணைக்க வேண்டாம் என்று நினைத்தேன். என் மனைவி தில்ஷாத் இணைத்துவிட்டார்.

7. ஏப்ரல் 9-ஆம் தேதி ஏசி ஓடியது. இருபது நிமிடம் அறை ஜில்லென்று இருந்தது. உடனே மருமகனுக்குத் தகவல் சொன்னேன். இருபத்தோராம் நிமிடம் பரணிலிருந்த பெட்டி சூடு தாங்காமல் நின்றுவிட்டது. அன்று முதல் தினமும் இதே கதை. சமையலறையில் நெய் உறைவதே இல்லை. மறுநாள் மதியம் வரை பொங்காமல் சண்டித்தனம் செய்யும் தோசைமாவு இரண்டே மணி நேரத்தில் பொங்கி மேடையெல்லாம் வழிகிறது. குளிருக்குத்தான் நான் பணம் கட்டினேன். வெப்பத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. தில்ஷாத் இப்போது பின்வாசலில் அடுப்பு வைத்துச் சமைக்கிறார். என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. பேசும்போதும், "அடுப்படிக்கு ஏசி போட்ட மகராசன் நீங்க ஒருத்தர்தான்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

8. அறை தயார் என்று மருமகனிடம் மூன்று முறை சொன்னேன். அவர் ஆதாரம் கேட்டார். ரிமோட்டில் 18 என்று தெளிவாகத் தெரியும்படி போட்டோ அனுப்பினேன். அது நாம் வைக்கும் எண்தான், அறையின் சூடு இல்லை என்று மரியாதையாகவே பதில் அனுப்பினார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரிடம் இதெல்லாம் எடுபடவில்லை.

9. ஹரீஷ்குமாரைத் திரும்ப அழைத்தேன். இறக்க 1,140, கேஸ் நிரப்ப 2,000, பழைய 6,160; மொத்தம் 9,300 கேட்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

10. ஐயா, எனக்கு வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றில்லை. என் மகள் முதல் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வர வேண்டும். அவள் பிறந்ததும் இந்த ஊரில்தான். பேரப்பிள்ளையைப் பார்க்க நான் பெங்களூருக்கு விருந்தாளியாகப் போய் உட்கார எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) ஏசி விற்கும் ஒவ்வொரு கடையிலும் பைப் அடிக்கு எவ்வளவு, ஸ்டாண்டு எவ்வளவு, ஓட்டை எவ்வளவு, "இலவசம்" எத்தனை அடியோடு முடிகிறது என்று வாசலில் பலகை வைக்கவும்;

ஆ) மேற்படி பெட்டியை நியாயமான விலைக்கு வெளிச்சுவருக்கு மாற்றித் தரவும்;

இ) மாற்றியபின் கிராம நிர்வாக அலுவலரை அனுப்பி அறையில் அரைமணி நேரம் உட்கார வைத்து, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று தருவது போல அரசு முத்திரையுடன் ஒரு குளிர்ச்சிச் சான்று வழங்கவும்

உத்தரவிட வேண்டுகிறேன். முத்திரை இருந்தால் மருமகன் நம்புவார்.

தங்கள் ஆணைக்காக, தோசைமாவு வாடையோடு காத்திருக்கும்,

(ஒப்பம்)
கா. பஷீர் அஹமது

இடம்: ஓசூர்
நாள்: 21.04.2025, திங்கள்

சாட்சி:
மனுவைப் படித்தேன். எழுதியிருப்பது உண்மை. ஆனால் கோரிக்கை ஆ-வை அடித்துவிடலாம். ஹரீஷ்குமார் கேட்ட 9,300-ஐ என் சீட்டுப் பணத்திலிருந்து நேற்றே கொடுத்துவிட்டேன். நாளை காலை வந்து மாற்றுகிறார். இ-யும் வேண்டாம். மருமகனிடம் நானே பேசினேன், என் வார்த்தையை அவர் நம்புகிறார். வெள்ளிக்கிழமை மகளைக் கொண்டுவந்து விடுகிறார். இதை இன்னும் இவரிடம் சொல்லவில்லை; இவர் படிக்காதபடி உறையை நானே ஒட்டிவிட்டேன். மனு கொடுத்துவிட்டு வரட்டும். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் எதையெதைக் குறைக்கலாம் என்று இவர் நேற்றிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிறக்கும் வரைக்கும் இவர் எதற்கும் விலை பேசக் கூடாது என்று ஐயா ஓர் உத்தரவு போட்டுத் தர வேண்டும்.

(ஒப்பம்)
ப. தில்ஷாத்