இனிப்பு டப்பாவுக்குப் போட்ட கையெழுத்து

கிருமாம்பாக்கம்,
மாசி 4.

அன்பு மகள் அருள்மொழிக்கு, பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெரியம்மாவும் கறவை மாடும் கன்றும் சுகம், அங்கே புனேவில் நீயும் சுகமாக இருக்கும்படி அம்மன் பார்த்துக்கொள்வாள். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, எட்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, கோபம் மட்டும்தான் நெஞ்சில் நிற்கிறது. போன புதன்கிழமை பேச்சின் நடுவிலே போனை வைத்துவிட்டேன் என்று நீ வருத்தப்பட்டதாகப் பெரியம்மா சொன்னாள். வருத்தப்படு, அதற்காகத்தான் வைத்தேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் முடியாது. உன் அப்பா போன பிறகு ஆறு வயசிலிருந்து உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

காசம்மாளை உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பெரியம்மாவோடு பிஸ்கெட் கம்பெனி பஸ்ஸில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். அவள் வீட்டுக்காரன் பாக்யராஜ் தை மாதம் பாகூர்ப் பக்கம் லாரியில் கரும்பு ஏற்றும்போது உச்சியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டான். அந்தச் சத்தம் நம் தெரு வரைக்கும் கேட்டது என்று வைத்துக்கொள். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்துவிட்டார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறு மாதம் காலைக் கீழே ஊன்றக் கூடாதாம். லோடு ஏற்றுகிறவன் ஆறு மாதம் படுத்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பெரிய பெண் பன்னிரண்டாவது எழுதப்போகிறாள், பரீட்சை முடிந்ததும் அவளையும் பேக்கிங்கில் சேர்த்துவிடலாமா என்று காசம்மாள் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை நர்ஸ் படிப்புக்கு ஆசைப்படுவது தெருவுக்கே தெரியும்.

இப்போது கேள். அந்தக் கம்பெனியில் விபத்துத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதாம். தொழிலாளிக்கு அடிபட்டால் கம்பெனி தானாகவே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காரனுக்கு அடிபட்டாலும் அவன் எழுந்து நடக்கும் வரைக்கும் வாராவாரம் பணம் கொடுப்பார்களாம். ஆனால் வீட்டுக்காரன் பேரை ஒரு ஃபார்மில் எழுதி, திட்டம் தொடங்கிய முப்பது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். காசம்மாள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் திட்டத்தை எப்படித் தெரிவித்தார்கள் தெரியுமா? ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கொடுத்து, வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு இனிப்பு டப்பாவும் அதன்மேல் ஒரு இங்கிலீஷ் புத்தகமும் கொடுத்து, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாப் பெண்களும் டப்பாவுக்குத்தான் கையெழுத்து என்று போட்டார்கள். அந்த நோட்டின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது, படித்துப் புரிந்துகொண்டேன் என்று இங்கிலீஷில் இருந்ததாம். பூஜை நாளில் வந்த புத்தகம் என்று நம் தெருவில் எல்லா வீட்டிலும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். நானே நம் வீட்டுப் புத்தகத்துக்கு மூன்று பட்டை போட்டு நடுவில் பொட்டும் வைத்தேன். ஃபார்ம் அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் அந்த ஃபார்மை நிரப்பிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லவும், பெண்களெல்லாம் பஸ் ஸ்டாப்பில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வேறு யாரிடம் போவார்கள்? பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான், ஆணையர்களே என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்கள், முதியோர் பென்ஷன் மனு மட்டும் நானூறு எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அன்றைக்கு ஐந்நூறு பேர் இருந்தார்கள். பெரியம்மா எட்டிப் பார்த்து முப்பது பேர் என்கிறாள், முப்பது என்றே வை. நூல் மில்லில் என் மச்சானிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி, மறுநாள் அதையே ராஜினாமா என்று காட்டி வெளியே தள்ளிய கதையை விலாவாரியாகச் சொன்னேன். அந்த ஃபார்மையும் கையில் வாங்கி, மேலும் கீழும் பார்த்து, முழுக்கப் படித்தவன் மாதிரி தலையை ஆட்டி, இது வம்பு, ஒருத்தியும் கையெழுத்து போடாதீர்கள் என்றேன். ஒருத்தியும் போடவில்லை என்றுதான் போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நானே தலைமை தாங்கிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்கே ஜெயசீலன் என்று ஒரு ஆபீசர், உன் வயசுதான் இருக்கும். நான் மேஜையைத் தட்டிய தட்டில் அவனுக்கு ஏ.சி. ரூமிலும் வியர்த்தது. அவன் ஒன்றும் பதறாமல் அந்த நோட்டை எடுத்து வைத்து, "புத்தகம் குடுத்தாச்சு, கையெழுத்து வாங்கியாச்சு, சட்டப்படி சொல்ல வேண்டியத சொல்லியாச்சு" என்றான். அருள்மொழி, அதற்கு இரண்டு நாள் முந்தி காசம்மாள் விஷயத்தைச் சொன்னபோது போனில் நீ என்ன சொன்னாய்? சட்டப்படி கொடுத்தாச்சு என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது பெரியப்பா என்றாய். அதே குரல், அதே பேச்சு. நீ எச்.ஆர். வேலையில் சேர்ந்து உன் கம்பெனிக்கு இதேபோல ஒரு புத்தகம் போட்டு அதன் அட்டையைப் படம் அனுப்பினாயே, அதை நான் கிருமாம்பாக்கம் முழுக்கக் காட்டினேன், கடலூர் பஸ் கண்டக்டருக்கும் காட்டினேன். என் மகள் எழுதிய சட்டப் புத்தகம் என்றேன். உன் புத்தகத்தையும் அங்கே ஒரு காசம்மாள் பொட்டு வைத்து மேலே நிறுத்தியிருக்கிறாளா என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தாயா?

அதோடு முடியவில்லை. பேக்கிங்கில் இருக்கும் நாற்பத்தொரு பேரில் ஃபார்ம் கொடுத்தது நாலே பேர் என்று ஜெயசீலன் பேர்களை வாசித்தான். இரண்டாவது பேர் வேலம்மாள், கணவர் பச்சையப்பன். அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சொல்லைக் கேட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை, என் சொல்லைக் கேட்காத பெண்டாட்டியால் நான் மட்டும் திட்டத்துக்குள்ளே பத்திரமாக இருக்கிறேன். ஜெயசீலன் காசம்மாளிடம், ஃபார்ம் கொடுக்க வேண்டாம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரும் சொல்லல சார், எனக்குத்தான் தோணல" என்றாள். எனக்கு வாய் இருக்கிறதே, ஊரெல்லாம் பேசுகிற வாய், அது அப்போது திறக்கவில்லை. வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவைப் பிடி பிடி என்று பிடித்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "எங்க சூப்பர்வைசர் அர்ச்சனாவ இன்னா இதுன்னு கேட்டேன். உங்க வூட்டுக்காரருக்கு அடிபட்டா குடுப்பாங்க, அவரு பேர எழுதுங்கன்னு ரெண்டு நிமிசத்துல சொல்லிச்சி, எழுதிக் குடுத்துட்டன்." மற்றவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "பஸ் ஸ்டாப்புல அத்தினி பேரு எதுக்க நீ பேசிட்டு வந்த. உன்ன பொய்யாக்கிட்டு நான் எப்பிடி அந்தத் தெருவுல நடக்கறது" என்றாள். அதற்குமேல் நான் யார்மேல் கோபப்படுவது? எனக்கு வாய்த்திருப்பது நீ ஒருத்திதான்.

இரண்டே நிமிஷம், கவனித்தாயா? அந்தப் பெண் மெஷினை நிறுத்தாமலே சொன்னதை, அத்தனை பக்கப் புத்தகம் சொல்லவில்லை. உன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தகுதி, பயனாளி, வரையறை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு அடிபட்டால் என்று தொடங்கி எழுது. யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள், யாரிடம் போய்க் கேட்பது, இவ்வளவுதான். எழுதியதை முதலில் உன் ஆபீசைக் கூட்டுகிற அம்மாளிடம் வாசித்துக் காட்டு, அவளைத் திருப்பிச் சொல்லச் சொல். அவள் சொன்னது சரியாக இருந்தால் அப்புறம் அச்சுக்கு அனுப்பு. இதைச் செய்யாமல் இன்னொரு முறை சட்டப்படி என்று என்னிடம் பேசாதே.

இனி அவசர வேலை. நாங்கள் கிளம்பும்போது ஜெயசீலன் வாசல் வரைக்கும் வந்து, தெரிந்த பாஷையில் விளக்கம் கிடைக்கவில்லை, தப்பான பேச்சை நம்பித்தான் கொடுக்காமல் விட்டோம் என்று எழுத்தில் கொடுத்தால் தலைமை ஆபீசுக்கு அனுப்பிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றான். மாசி பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும். நானூறு மனு எழுதியவனுக்கு இந்த ஒன்று எழுத வரவில்லை, நாலு தாள் கிழித்துவிட்டேன். எழுத எழுத நான் நல்லவனாகவே வந்துகொண்டிருக்கிறேன். நீ எழுது. இந்தப் பெண்களுக்குத் தப்பாகச் சொன்னவன் பச்சையப்பன், கம்பெனி ஆள் இல்லை, அந்த ஃபார்மில் நாலு வார்த்தைக்கு மேல் அவனுக்குப் படிக்க வரவில்லை, படித்ததாகச் சொன்னான் என்று அப்படியே எழுது, பூசி மெழுகாதே. காசம்மாள் கொடுக்க வேண்டியதையும் தமிழில் தனியாக எழுது, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவள் வீட்டுக்கே போய் பாக்யராஜ் காதுபட வாசிப்பேன். புரிந்தது என்று அவள் தன் வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஆபீஸ் போகாதே. கோபமாக எழுதினாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். பதினைந்தாம் தேதியை மறக்காதே. வழக்கமாக என் கையெழுத்துக்குக் கீழே பாகூர் கொம்யூன், மனு எழுத்தர், சமூக சேவகர் என்று மூன்று வரி வருமே, அந்த மனுவில் அதைப் போடாதே. பேர் மட்டும் போதும்.

உன் பெரியப்பா,
பச்சையப்பன்