மணிக்கோலோடு கடிதம் கொடுக்கப் போனது

பாறசாலை

பகவதிக்கு, சிவானந்தம் எழுதுவது. இங்கே சுகம்தான். அம்மைக்கு முட்டுவலி தேவலையா?

நெய்யாற்றின்கரையிலிருந்து அஞ்சல் பையைச் சுமந்து ஓடி அலுத்துவிட்டது, வேலையை விட்டுட்டு வாறேன் என்று எழுதியிருந்தேனே. அதை எங்கள் அஞ்சல் மாஸ்டர் நீலகண்ட பிள்ளையிடமும் சொன்னேன். அவர் வையவில்லை. "பையை மட்டும் பாத்துட்டிருந்தா அலுக்கத்தான் செய்யும் மக்கா. இன்னைக்கு நீயே கடிதத்தைக் கொண்டு குடுத்துட்டு வா" என்றார்.

நானும் பழக்கத்தில் மணிக்கோலைக் குலுக்கிக்கொண்டே செங்கல் என்ற ஊருக்குள் ஓடினேன். கோலில் கட்டிய மணிச்சத்தம் கேட்டால் அஞ்சல் ஓட்டக்காரனுக்கு வழிவிட வேண்டுமே. எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள், கடிதம் வாங்க ஒருத்தரும் வரவில்லை. மணியைத் துண்டால் சுற்றிய பிறகுதான் பக்கத்தில் வந்தார்கள். ரத்னபாய் என்ற பெண்ணுக்குப் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புருஷன் எழுதியிருந்தார், கிறிஸ்துமஸுக்கு வருகிறாராம். நானே வரப்போகிறவன் மாதிரி எனக்கொரு பலாச்சக்கை தந்தாள். முந்தின நாள் என் தோளில் வந்த கடிதமாக்கும் அது.

வேலையை விடவில்லை. காலில் தேய்க்கப் புன்னைக்காய் எண்ணெய் யாரிடமாவது கொடுத்துவிடு. மாஸ்டர் கூப்பிடுகிறார், பை கட்டியாச்சு. நாலு வரி எழுது, பகவதி. செங்கோட்டையிலிருந்து நீ போடும் கடிதமும் என் தோளில்தான் வரும். ஒன்று எனக்கென்று இருந்தால் பை கனக்காது.