சீறல் அடங்கும் வரை

என் ஸ்வெட்டரில் கருகின கோப்பி வாசம் அடிக்கிறது. பால் குடிக்க வந்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இப்போதுதான் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அக்கா, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பட்டிப்பொல ஸ்டேஷன் பக்கத்து நம்ம கடையை இன்றைக்குத் திரும்பத் திறந்தேன். நீ காய்ச்சலில் கண்ணை மூடினதிலிருந்து பூட்டியே கிடந்தது. "கைக்குழந்தைய வச்சிக்கிட்டு தனியா என்ன செய்வ? கோப்பி மெஷினை வித்துரலாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பார்க்கிறேன், சரிவரலேன்னா வித்துருங்க என்று நானும் வாயை விட்டுவிட்டேன்.

மெஷின் கொழும்பில் பழுது பார்த்து வந்திருந்தது. பட்டனை அழுத்தியதும் ஒரே சீறல். தண்ணீருக்கு முன்னால் ஆவிதான் வந்தது. ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பொண்ணு ஒரு வாய் குடித்துவிட்டு, சிரித்தபடியே கப்பை வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த மெஷினை வாங்கிவந்த புதிதில் நாம் பட்ட பாடு! தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இல்லையா, தண்ணி தளதளவென்று கொதித்தால்தான் நமக்கு நம்பிக்கை. சூட்டை ஏற்ற ஏற்ற கோப்பி கருகியது. கொழும்பு மெக்கானிக் போனில் தொண்ணூற்றாறு டிகிரியில் வைக்கச் சொன்னார். நீ அடுப்பில் கொதித்த கேத்தலுக்குள் சூடு பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தாய். "அண்ணே, எங்க மலை உசரத்துல அந்தச் சூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தண்ணி கொதிச்சிருது. நீங்க கடலோரத்துல இருந்து பேசுறீங்க" என்றாய். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். அன்றைக்கே சூட்டைக் குறைத்துவிட்டாய்.

மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. கொழும்பில் சூட்டைத் திரும்ப ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இறக்கினேன். கப் வைக்கும் முன் தண்ணீரை வெறுமனே ஓடவிட்டேன். "அவசரப்படாத புள்ள, சத்தம் அடங்கட்டும்" என்பாயே. ரயில் வந்துவிட்டது, ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பால் கட்டி மார்பு வலிக்கிறது, கை பரபரக்கிறது. நின்றேன். சீறல் அடங்கியது. அதற்குப் பிறகு கோப்பி தேன் மாதிரி மெதுவாக இறங்கியது.

சாயந்தரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் வந்தார். ஒரு கப் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"மொத ரயிலுக்கே திறக்கணுமா? அப்ப புள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டுத்தான் நான் வேலைக்குப் போகணும்" என்றார்.

பயம் இன்னும் விடவில்லை. காலையில் பிள்ளை என்ன செய்வாளோ, கடை எப்படிப் போகுமோ. ஆனால் மெஷின் முன்னால் இனி நான் உன்னைப் போலத்தான் நிற்பேன், தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து.