என்ஜினுக்கு அடியில் நின்றவர்

ஷாங்காய், புதோங்
மே 22

அன்பு மகள் லான்சினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உனக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது, கால் வீக்கம் வடிந்திருக்கவேண்டும், உள்ளே இருப்பது நன்றாக உதைக்கவேண்டும் என்று காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். உன் தோழி ஷு யான் வியாழக்கிழமை வான்கூவர் திரும்புகிறாள், அவளிடம் காய்ந்த சிவப்பு இலந்தையும் நாட்டுச் சர்க்கரையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் உன் அப்பா இருப்பார், அவர் முன்னால் சொல்லமுடியாத ஒன்று இதில் இருக்கிறது. கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு நான் வரமுடியாது.

எங்கள் விமான ஆலையில் என்னைப்போல் குழுத் தலைவராக இருப்பவர்களின் பாஸ்போர்ட் ஆலை நிர்வாகத்தின் பெட்டகத்தில்தான் இருக்கும், உனக்குத் தெரியும். எழுதிக்கொடுத்து, மேலே கையெழுத்தானால் எடுத்துக் கொடுப்பார்கள். புத்தாண்டு வசந்த விழா முடிந்ததுமே நான் எழுதிக்கொடுத்தேன். மேனேஜர் தாவ் கூட, மொதப் பேரக்குழந்தை, போகாம இருந்தா எப்படி, நான் பாத்துக்கறேன் யாவ் அக்கா என்றார். அதற்குப் பிறகுதான் அமெரிக்காக்காரர்கள் நம் விமானங்களுக்கு என்ஜின் அனுப்புவதை நிறுத்தினார்கள். நீயும் செய்தியில் பார்த்திருப்பாய், ஆனால் எங்கள் கூடத்துக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும். ஆறு விமானங்கள் பெயின்ட் அடித்து, இருக்கை போட்டு, எல்லாம் முடிந்து நிற்கின்றன, இறக்கைக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. வால் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க அங்கே மஞ்சள் எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். நானும் என்ஜின் மாட்டுவதற்கென்றே இருக்கும் என் ஆட்கள் பதினோரு பேரும் கருவிகளைத் துடைக்கிறோம், துடைத்ததையே மறுபடி துடைக்கிறோம்.

ஹார்லனை உனக்கு நினைவிருக்கும், என்ஜின் கம்பெனி எங்களுக்குச் சொல்லித்தர அனுப்பிய அமெரிக்கர், நாங்கள் லாவ் ஹா என்று கூப்பிடுவோம். ஒன்பது வருஷமாக எங்களோடு உட்கார்ந்து வெங்காயத்தாள் எண்ணெய் நூடுல்ஸ் சாப்பிட்டவர். உத்தரவு வந்த அன்று எங்களைக் கூட்டி நிறுத்தி, தனக்குத் தெரிந்த சீனத்தில், இனிமே என்ஜினைப் பத்தி எது கேட்டாலும் நான் ஊமை, அரசாங்க லைசென்ஸ் இல்லாம ஒரு வார்த்தை சொன்னாலும் எங்க ஊர்ல என்னை உள்ள தள்ளிடுவாங்க என்றார். அப்படியே இருந்தார். நான் அன்றாடம் கேட்கும் சின்னச் சந்தேகத்தைக் கூட வழக்கம்போலக் கேட்கப் போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

கிடங்கில் மிச்சமிருந்தவை இரண்டே என்ஜின்கள். ஏப்ரல் கடைசியில் ஒன்றை மாட்டச் சொன்னார்கள். அது கெட்டுப்போனால் ஒரு விமானத்துக்கும் ஜோடி சேராது, எல்லோருக்கும் கை கூசிற்று. லாவ் ஹா அன்று கொஞ்சம் தள்ளி நின்று தன் கம்பெனி சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். நாலு சங்கிலிக் கொக்கிகளில் என்ஜினைத் தூக்குவோம், ஒவ்வொரு கொக்கிக்கும் அதைப் பூட்டும் ஒரு கம்பி ஆணி உண்டு, பின் என்போம். கொக்கி போட்டது என் குழுவில் இருக்கும் நம் பெங் லியாங். எல்லாம் பூட்டியாச்சா என்றேன், ஆச்சு அக்கா என்றான். நான் ஏறிப்போய் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும், அதுதான் விதி. அன்று காலை உன் ஊர் விசாவுக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதிலேயே என் மனசு கிடந்தது, அவன் சொன்னதை நம்பித் தூக்கச் சொல்லிவிட்டேன். என்ஜின் ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கும். லாவ் ஹா வந்தார், தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினார், நேராக என்ஜினுக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

கீழே ஆள் இருந்தால் தூக்கக்கூடாது, உடனே நிறுத்தினோம். பையன்கள் கத்தினார்கள். யோவ், பைத்தியமா உனக்கு, வெளிய வாய்யா என்று பெங் லியாங் அழாத குறை. அவர் அசையவில்லை. எனக்கும் கோபம் தலைக்கேறித் திட்டப் போனேன், அப்போதுதான் பார்த்தேன், கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். எந்தக் கொக்கியைப் பார்த்துக் காட்டிக்கொடுத்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக. லாவ் ஹா, புரிஞ்சிடுச்சு, நான் பாக்கறேன், நீங்க வெளிய வாங்க என்றேன். வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்தால், இடப்பக்கம் பின்னால் இருந்த கொக்கியில் அந்தப் பின் பூட்டாமல் தன் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே அறிக்கை எழுதச் சொன்னார்கள். மேனேஜர் தாவ் கதவைச் சாத்திவிட்டு, பூட்டாத பின் கதை எதுக்கு, வெளிநாட்டுக்காரன் கோட்டைத் தாண்டி வந்து வேலையைக் கெடுத்தான்னு மட்டும் எழுது, உன் பாஸ்போர்ட் பேப்பர் என் மேசையிலதான் கெடக்கு, அதை நெனச்சுக்கோ என்றார். அப்படி எழுதினால் வேண்டுமென்றே கெடுத்தவர் என்று லாவ் ஹாவை இங்கே பிடித்து விசாரிப்பார்கள். பின்னைக் காட்டத்தான் நின்றார் என்று எழுதினால் அவர் ஊர்ச் சட்டம் பிடிக்கும். ஒன்றுமே எழுதாமல் எழுந்துபோகவும் வழியில்லை. மூன்று மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், அவர் கோட்டைத் தாண்டினார், தூக்குவதை நிறுத்தினோம், மறுபடி சரிபார்த்தபோது ஒரு பின் பூட்டாமல் இருந்தது, சரிபார்க்கவேண்டியது என் பொறுப்பு, நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாவ் படித்துவிட்டு, உனக்கு நீயே குழி தோண்டிக்கிட்டியே அக்கா என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, பாவம்.

கோட்டைத் தாண்டியதற்காக லாவ் ஹாவை ஆலைக்குள் வரக்கூடாது என்றார்கள், நாலாம் நாள் கிளம்பிவிட்டார். வாசலில் காவலர்கள் அவர் பெட்டிகளைக் கிளறும்போது நான் போய் நின்றேன். அவரே, பொண்ணுக்கு எப்போ பிரசவம், இதைக் கேக்க லைசென்ஸ் வேண்டாம்ல என்றார். ஜூலை என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

போன வாரம் என் பாஸ்போர்ட் தாளும் திரும்பி வந்தது. என் பெயரில் குற்றம் பதிவாகியிருப்பதால் இந்த வருஷம் பரிசீலிக்க இயலாதாம். பேச்சுவார்த்தை நடக்கிறது, என்ஜின்கள் வந்துவிடும் என்கிறார்கள். அவை கடல் தாண்டி வந்தாலும் நான் தாண்டமுடியாது.

அதனால் அப்பாவை அனுப்புகிறேன். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அரிசி களையத் தெரியாது, இப்போது தினமும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பன்றிக்கால் சூப் வைக்கக் கற்றுக்கொள்கிறார், முதல் நாள் சட்டியே கருகிவிட்டது, பரவாயில்லை, நேற்று வைத்தது வாயில் வைக்கிற மாதிரி இருந்தது. ஜூன் இருபத்தெட்டாம் தேதி வருவார். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று மாப்பிள்ளை அவரோடு மல்லுக்கு நிற்கவேண்டாம் என்று சொல். பிள்ளை பெற்ற மாதம் முழுவதும் பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, அந்த ஊர் நர்ஸ்கள் ஐஸ் தண்ணீர் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடு.

அமெரிக்கா என்ஜினை நிறுத்தியதால்தான் ஆலையில் எல்லோர் பாஸ்போர்ட்டையும் முடக்கிவிட்டார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். டிவியைப் பார்த்துத் திட்டுகிறார், நான் அப்படியே விட்டுவிட்டேன். உன்னிடமும் அதையே சொல்லியிருக்கலாம், மனசு ஒப்பவில்லை. உனக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இல்லாததற்குக் காரணம் என் கையெழுத்து, அதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளவேண்டும். கோபம் வந்தால் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும். அந்தத் தாளை மறுபடி என் முன்னால் வைத்தாலும் அதையேதான் எழுதுவேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தாயும் பிள்ளையும் வேறுவேறாகி, இரண்டு பேரும் சுகமாக வீடு வந்து சேரவேண்டும், குழந்தை நிறையத் தூங்கவேண்டும், உன்னையும் தூங்கவிடவேண்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு, அப்பா வருவதற்குள்.

உன் அம்மா,
யாவ் ஹுய்ஃபென்