சிவப்புப் புள்ளி வலது கால்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வெட்டுக்கிளி எழுதுவது. நான் நலம். என் கணுக்காலும் நலம். அதைத்தான் நீ முதலில் கேட்பாய். பயிற்சி முகாமில் கோச் எல்லோருடைய போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "தேர்வு முடியற வரைக்கும் காலுக்கு மட்டும்தான் வேலை, கட்டைவிரலுக்கு இல்ல" என்கிறார். அதனால்தான் கோழி கிளறியது போன்ற இந்தக் கையெழுத்தை நீ படிக்க வேண்டியிருக்கிறது.

உயரம் தாண்டுதலில் தேசிய அணிக்கு ஒரே ஒரு இடம். போட்டி எனக்கும் என் அறைத் தோழிக்கும்தான். இங்கே அவளுக்குப் பெயர் ஒட்டகம்; கழுத்தும் காலும் அப்படி. நல்லவள்தான், என் சோப்பைத்தான் தீர்த்துவிடுகிறாள். இடம் எனக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் இன்னும் ஒரு விரல்கடை கூடுதலாகத் தாண்டினால் நிம்மதி. நேற்றைய பயிற்சி வீடியோவைக் கோச் உன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஊரில் உள்ளவர்கள் ஓடுவதையும் எறிவதையும் எல்லாம் அளக்கிறாய், சொந்தத் தங்கையையும் ஒரு தடவை பாரேன். நான் தாண்டுவதை நீ பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

உன்
வெட்டுக்கிளி

மார்ச் 15

என் செல்ல வெட்டுக்கிளிக்கு,

பார்த்துவிட்டேன். திட்டு வாங்கத் தயாராக இரு. உயரம் காலில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஓடி வருகிற வேகத்தைத்தான் கடைசி அடி தடுத்து மேலே திருப்பிவிடுகிறது. வளைந்து ஓடும்போது உடம்பு உள்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்விலிருந்து நிமிரும்போதுதான் உடம்பு சுழன்று கம்பிக்கு மேலே போகிறது. நீயோ வளைவை ரொம்ப இறுக்கிக்கொண்டு, அதற்குள் கால் கொள்ளாமல் வேகத்தைத் தொலைக்கிறாய். ஓட்டத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தொடங்கு. வளைவை அகலமாக்கு.

கணினி வரைந்த உன் குச்சி உருவப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புப் புள்ளிகள் வலது பக்கம், நீலம் இடது. கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொள். நேரில் வர ஆசைதான், இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. நான் வராவிட்டால் என்ன, கணக்கு தப்பாது.

முத்தங்களுடன்
அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

'அன்புள்ள' என்று போட மனசு வரவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். கம்பி விழுந்தது. தினமும் விழுந்தது. கம்பியை எட்டுவதற்கு முன்பே என் உயரம் தீர்ந்துபோகிறது. இறங்கும்போது கம்பியை முதுகில் வாங்கிக்கொள்கிறேன். கோச் தலையில் அடித்துக்கொண்டார். உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்திருந்தேன், ஒட்டகமும் விளையாட்டாகச் செய்து பார்த்தாள். அவள் பறக்கிறாள்.

நேற்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அவள் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். "ஏய், இதுல சிவப்புக் கால்தானே உதைச்சு எழும்புது? வலது கால்ல எகிர்றது இங்க நான் மட்டும்தான்டி. இது நானு!"

வீடியோ எடுத்த அன்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறித் தாண்டினோம். நீ அளந்தது அவளை. கணினி ஆளை மாற்றியது போகட்டும். துணி காயப்போடும் கொடியைத் தாழ்த்திக் கட்டி என்னை முதன்முதலில் தாண்டச் சொன்னது நீ. நான் இடது கால்காரி என்பது உனக்குமா தெரியாது? அதுதான் வலிக்கிறது.

பழைய ஓட்டத்துக்கே திரும்பிவிட்டேன். மே மாதம் கடைசி ஞாயிறு தேர்வு. கணக்கு எதுவும் அனுப்பாதே. வருவதென்றால் நீ வா.

வெட்டுக்கிளி

ஏப்ரல் 20

என் தங்கமே,

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குச்சி உருவம் வரையும்போது எங்கள் கணினி எல்லோரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கு நெட்டையும் தெரியாது குட்டையும் தெரியாது. நெட்டைக் காலுக்கு அகன்ற வளைவு, உனக்கு இறுக்கமான வளைவு. கணக்கெல்லாம் சரிதான், ஆள்தான் தப்பு. அதை நான் பார்த்திருக்க வேண்டும். புள்ளிகளைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை.

இன்று வீடியோவை வெறும் கண்ணால் பார்த்தேன். ஓடத் தொடங்கும் முன் மூக்கைச் சுருக்குகிறாய், அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது சுருக்குவாளே, அதே மாதிரி. அழுகை வந்துவிட்டது. விடுப்பு கேட்டிருக்கிறேன். தராவிட்டாலும் வருவேன்.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' தானாகவே வந்துவிட்டது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். தொண்டை சரியாகிவிட்டதா? மைதானமே திரும்பிப் பார்த்தது, ஆராய்ச்சியாளர் கத்துகிற கத்தா அது!

அணிப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். தேர்வன்று நாம் பார்த்ததுதான், மாற்றமில்லை. ஒட்டகம் போகிறாள். தாண்டியது இரண்டு பேரும் ஒரே உயரம். முந்தின உயரத்தில் நான் ஒரு தடவை கம்பியைத் தட்டிவிட்டிருந்தேன், அதுதான் வித்தியாசம். அந்த ஒரு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் என்று நினைத்து நன்றாக அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுச் சாப்பிடப் போனேன். என் ஆயுசில் அவ்வளவு உயரம் நான் தாண்டியதில்லை, அக்கா. எல்லோரும் கலைந்த பிறகு மண்டியிட்டு, என் இடது கால் ஊன்றிய இடத்திலிருந்து கம்பி வரை சாண் போட்டு அளந்தாயே, அதை வைத்துக் கணக்குப் போட்டு அனுப்பு. அடுத்த வருஷம் அந்த இடம் எனக்குத்தான்.

ஒட்டகம் பெட்டி கட்டிக்கொண்டே கேட்டாள், "உங்கக்கா இனிமே எனக்கும் அக்காதானே?"

"கணக்குக்கு மட்டும்" என்றேன்.

உன்
இடது கால்காரி